எதுவும் கேட்கக் கூடாது

"அப்பா, ஃபிரிட்ஜ் மூச்சு விடுது."

மகள் கதவை ஒரு சாண் திறந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி இதைச் சொன்னபோது காலை மணி பத்தரை. காதில் பெரிய ஹெட்ஃபோன். முகத்தில் நேற்றிலிருந்து தூங்காத களைப்பு.

மாஸ்டர் ஃபிரிட்ஜைத் திரும்பிப் பார்த்தார். பதினோரு வருடமாக அது அந்த மூலையில்தான் நிற்கிறது. அதற்கு மூச்சு உண்டு என்று அவருக்கு இன்றுதான் தெரியும்.

"அது எப்பவும் இப்படித்தானே பாப்பா இருக்கு?"

"எப்பவும் இப்படித்தான். இத்தனை நாளா ஃபோனைத் தரையில வச்சுட்டுப் பாடினேன். அதுக்குக் காது மந்தம். இந்த மைக்குக்குப் பாம்புச் செவிப்பா. எல்லாத்தையும் கேக்குது."

"அவ்வளவுதானே? நிறுத்திட்டாப் போச்சு."

தலை உள்ளே போனது. கதவு மூடியது. மாஸ்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று "ஏய்" என்றால், அந்தக் கோடியில் ஓடிக்கொண்டிருக்கும் முப்பது பேரும் தன்னைத்தான் சொல்கிறார் என்று நின்றுவிடுவார்கள். ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. ஆனால் குரலுக்கும் கை காலுக்கும் அந்த உத்தரவு இன்னும் வந்து சேரவில்லை. ஓர் இடத்தில் ஐந்து நிமிடம் உட்காரச் சொன்னால் ஆறாவது நிமிடம் அந்த வீட்டில் ஏதாவது ஒன்று பழுதுபார்க்கப்பட்டுக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு மகள். இருபத்து மூன்று வயது. இன்சூரன்ஸ் ஆபீசில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, "ஆறு மாசம் டைம் குடுங்க" என்று கேட்டு, தன் அறைத் தரையில் கிட்டாரோடு உட்கார்ந்தவள். சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, சொந்தமாக யாருக்கும் கேட்காத மாதிரி பாடுவாள். அது பாட்டா ரகசியமா என்பது மாஸ்டருக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "பாப்பா, பாட்டுன்னா கடைசி வரிசையில இருக்கிறவனுக்குக் கேக்க வேணாமா?"

"என் பாட்டுல கடைசி வரிசையே கிடையாதுப்பா. ஒரே ஒருத்தர்தான் கேக்குறாரு. பக்கத்துல உக்காந்திருக்காரு."

"யாரது?" என்றார் மாஸ்டர் சட்டென்று நிமிர்ந்து.

அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள். அவர் அதன்பிறகு இரண்டு நாள் வாசல் பக்கம் ஒரு கண் வைத்திருந்தார். யாரும் வரவில்லை.

ஆனால் இணையத்தில் அவள் போட்ட ஆறு பாட்டை எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் கேட்டார்கள். போன வாரம் ஒரு சின்ன இசை நிறுவனத்திலிருந்து ஃபோன் வந்தது. "ஆறும் அப்படியே இருக்கட்டும், கை வைக்காதீங்க. காதுகிட்ட வந்து பாடுற மாதிரி இருக்கு. ஏழாவதா ஒண்ணு வேணும். ஸ்டுடியோவுக்கு வர வேணாம், அதே ரூம்ல பாடுங்க. நல்ல மைக் நாங்க தர்றோம். அந்த ஆறோட இதுவும் ஒட்டிப்போச்சுன்னா ஆல்பம் போட்டுடலாம்."

ஒட்டாவிட்டால்? அதை அவர்கள் சொல்லவில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாளை மறுநாளோடு அந்த ஆறு மாசம் முடிகிறது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் அதே நாற்காலி.

இன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த நிறுவனத்தின் சவுண்ட் இன்ஜினியர் வந்து பாட்டைக் கேட்டு, மைக்கை எடுத்துக்கொண்டு போவார். மாஸ்டரின் மனைவி கண் மருத்துவமனையில் வரவேற்பு மேஜையில் இருப்பவர், விடுமுறை கிடைக்கவில்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்.

"இன்னிக்கு ஒரு நாள் வீட்டைக் கொஞ்சம் சத்தமில்லாம பாத்துக்குங்க. உங்களால முடியும்."

கடைசி இரண்டு வார்த்தையை அவர் சொன்ன தொனிதான் மாஸ்டரைக் குத்தியது. ஒரு பேச்சுக்குச் சொன்னது போல இருந்தது அது. முடியும் என்று காட்டிவிடுவது என்று அந்த நிமிடமே தீர்மானித்துவிட்டார்.

ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். அது ஒருமுறை குலுங்கி அடங்கியது.

மூன்று நிமிடம் கழித்துக் கதவு மறுபடி ஒரு சாண் திறந்தது.

"ஃபிரிட்ஜ் நின்னதும் இப்போ கடிகாரம் கேக்குதுப்பா."

கூடத்துச் சுவர்க் கடிகாரம். மாஸ்டர் ஸ்டூலைப் போட்டு ஏறினார். கடிகாரத்தைத் தூக்கினார், வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாகத் தூக்கினார். கடிகாரம் வந்தது. அதோடு ஆணியும் வந்தது. ஆணியோடு ஓர் உள்ளங்கை அகலச் சுவரும் வந்து, கீழே டீபாயில் இருந்த கண்ணாடிக் கிண்ணத்தில் விழுந்தது.

"அப்பா!"

"ஒண்ணுமில்ல பாப்பா! நீ பாடு! கடிகாரம் இனி கேக்காது!"

இதை அவர் மைதானக் குரலில் சொன்னார். உள்ளே முதல் பதிவு அதோடு முடிந்தது.

கடிகாரத்தை மூன்று போர்வைக்கு அடியில் புதைத்துவிட்டு, கண்ணாடித் துண்டுகளைக் கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பெருக்கினால் துடைப்பம் கேட்குமே. அப்போதுதான் அவர் காதிலேயே விழுந்தது, சமையலறைக் குழாய். சொட்டு. கொஞ்சம் இடைவெளி. சொட்டு. இத்தனை நாள் இது எங்கே இருந்தது? வீட்டில் ஒன்றை அடக்கினால் அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தது வெளியே வருகிறது. வகுப்பில் பெரிய சத்தக்காரனை வெளியே அனுப்பினால் சின்ன சத்தக்காரன் தலையெடுப்பானே, அந்த மாதிரி.

இதையாவது அவள் வந்து சொல்வதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும். குழாயின் திருகை இறுக்கினார். சொட்டியது. இன்னும் இறுக்கினார். சொட்டியது. முப்பத்தோரு வருடம் கயிறு இழுக்கும் போட்டிக்கு ஆள் தயார் செய்த கை அது. மூன்றாவது முறை இறுக்கியபோது திருகு கையோடு வந்துவிட்டது.

தண்ணீர் நேராக மேலே போய்க் கூரையைத் தொட்டுவிட்டு இறங்கியது.

மாஸ்டர் ஒரு கட்டை விரலால் ஓட்டையை அடைத்துக்கொண்டு, இன்னொரு கையால் மனைவிக்கு ஃபோன் போட்டார். பிளம்பர் நம்பர் மனைவியிடம்தான் இருந்தது.

"என்னங்க, என்ன சத்தம் அங்க?"

"சத்தமா? சத்தமே இல்ல," என்றார் கிசுகிசுப்பாக.

"மழை பெய்ற மாதிரி கேக்குதே?"

"லேசாத் தூறுது. அந்தப் பிளம்பர் நம்பரைக் கொஞ்சம் அனுப்பேன்."

"தூறலுக்கு எதுக்குங்க பிளம்பர்?"

மாஸ்டர் ஃபோனை வைத்துவிட்டார். பிளம்பர் வருகிறவரை விரலை வைத்துக்கொண்டே நிற்க முடியாது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் வால்வை மூடினால் தீர்ந்தது. ஒரு துண்டைச் சுருட்டிக் குழாயில் அடைத்துவிட்டு, நான்கு மாடியை மூன்று மூன்று படியாகத் தாண்டி ஓடினார். மேலே ஆறு வால்வு இருந்தன. எது தங்கள் வீட்டுடையது என்று எதிலும் எழுதியிருக்கவில்லை.

எதிலும் அரைகுறையாக விடுவது மாஸ்டருக்குப் பிடிக்காது. ஆறையும் மூடினார்.

இறங்கி வரும்போதே அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. வீடு வீடாக ஆட்கள் வந்து மணியை அடிப்பார்கள். அந்த மணி சாதாரண மணி அல்ல. அவரே தேடி வாங்கிப் போட்டது, மாடிப்படி முழுக்கக் கேட்கும். ஓர் அட்டையை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதி வாசற்கதவில் ஒட்டினார்.

மணி அடிக்காதீர். தட்டாதீர். கூப்பிடாதீர்.

உள்ளே போய் மகளின் கதவில் காதை வைத்தார். கிட்டார் மெல்ல எழும்பியது. அவள் தொடங்கிவிட்டாள். மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு திரும்பியபோது, வாசற்கதவுக்கு அடியிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் உள்ளே நகர்ந்து வந்தது.

"தண்ணி எங்கே?"

மாஸ்டர் பேனாவை எடுத்தார். "வரும்" என்று எழுதித் தள்ளினார்.

காகிதம் திரும்பி வந்தது. "எப்போ?"

"பொறுமை."

இந்த முறை சற்றுத் தாமதமாக வந்தது. எழுத்து ஓரிடத்தில் ஈரத்தில் கலைந்திருந்தது. "என் தலையில் சோப்பு."

மாஸ்டர் கதவைத் திறந்தார். மூன்றாவது மாடி அக்கா. தலை நிறைய நுரை, தோளில் துண்டு, ஒரு கண் மூடியபடி. வாயைத் திறக்கப் போனவரை மாஸ்டர் உதட்டில் விரல் வைத்து அடக்கி, உள்ளே கூட்டி வந்து சோபாவில் உட்கார வைத்தார். அக்கா பாவம், கண் எரிச்சலில் எதிர்த்துப் பேசும் நிலையில் இல்லை.

"பாப்பா பாடுறா," என்றார் காதோரம் குனிந்து. "ஏழாவது பாட்டு."

"அதுக்கு எதுக்கு மாஸ்டர் தண்ணிய நிறுத்துனீங்க?" அக்காவும் காதோரமாகவே கேட்டார்.

மாஸ்டர் சமையலறைத் தரையைக் கையால் காட்டினார்.

பன்னிரண்டு மணிக்குப் பிளம்பர் வந்தார். அட்டையைப் படித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் வாசலில் நின்று இருமினார். இருமாதீர் என்று எழுத விட்டுப்போயிருந்தது. மாஸ்டர் அவரைச் சட்டென்று உள்ளே இழுத்துச் சமையலறைக்குக் கூட்டிப் போய்க் காட்டினார்.

பிளம்பர் குழாயை முன்னும் பின்னும் பார்த்தார். "உள்ள முழுக்கத் துரு சார். நாலு தட்டுத் தட்டினாத்தான் கழலும்."

"தட்டவே கூடாது."

"தட்டாம எப்படி சார் கழட்டுறது? குழாய்கிட்ட கேட்டுப் பாக்கவா?"

மாஸ்டர் யோசித்தார். அவருக்கு இது ஒரு பெரிய விஷயமே இல்லை. ஆண்டுவிழா அணிவகுப்பில் எண்ணூறு பேரைக் கைச்சைகையிலேயே நடத்தியவர். "நான் அவ கதவுகிட்ட நிக்கிறேன். அவ பாடுறப்போ என் கை மேல இருக்கும். அவ நிறுத்தினதும் கையை இறக்குவேன். ஒரே ஒரு தட்டு. மறுபடி கை மேல போயிடும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது சார்."

மாஸ்டர் மகளின் கதவருகே போய் நின்றார். கை மேலே. கிட்டார் இரண்டு சுற்று வந்தது. குரல் வந்தது, கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

"சாவிய மேசைமேல வச்சேன்..."

குரல் நின்றது. கிட்டாரும் நின்றது. மாஸ்டர் கையை இறக்கினார்.

டங்!

"...மேசை எதுவும் கேக்கல," என்று தொடங்கிய குரல் பாதியில் அறுந்தது.

உள்ளே சற்று நேரம் அமைதி. முடித்துவிட்டாளோ? மாஸ்டர் மறுபடி கையை இறக்கினார்.

டங்!

கதவு திறந்தது. இந்த முறை ஒரு சாண் அல்ல, முழுசாக.

"அப்பா, நான் எங்க நிறுத்துறேனோ, கரெக்டா அங்க யாரோ தட்டுறாங்க!"

"நீ நிறுத்தின பிறகுதான் தட்டுறோம் பாப்பா. சிக்னல் குடுத்து, ஒழுங்காத்தான் செய்றோம்."

"நான் நிறுத்தலப்பா. அது பாட்டு."

"எது? நீ சும்மா இருந்தியே, அதுவா?"

"ஆமாம்பா. அந்த இடத்துல சும்மா இருக்கணும். அதுக்காகத்தான் முன்னாடி இருக்கிற வரியே எழுதினேன்."

மாஸ்டர் பிளம்பரைப் பார்த்தார். பிளம்பர் சுத்தியலைப் பார்த்தார். சும்மா இருப்பதெல்லாம் பாட்டில் சேர்த்தி என்றால் எந்த நேரத்தில்தான் தட்டுவது?

அவள் சமையலறையில் தேங்கிய தண்ணீரையும், சோபாவில் ஒரு கண்ணை மூடி உட்கார்ந்திருந்த நுரைத் தலையையும், சுவரில் இருந்த பள்ளத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நாலரை மணிவரை பட்டது ஒரு பெரும் பாடு. மாஸ்டர் சுத்தியலை வாங்கிச் சோபாவுக்கு அடியில் வைத்தார். தெருவில் பழைய சாமான் வண்டி ஒன்று ஒலிபெருக்கியோடு வந்தது. ஓடிப்போய் வண்டிக்காரரிடம் அடுத்த தெருவுக்குப் போகச் சொன்னார். "எதுக்கு சார்?" என்று அவர் ஒலிபெருக்கியிலேயே கேட்டார். திரும்பி வந்தால் ஜன்னலில் இரண்டு புறா. அவற்றைக் கைதட்டி விரட்டலாமா கூடாதா என்ற குழப்பத்தில் துண்டை வீசினார். துண்டு போய் விழுந்தது கீழ்வீட்டு நாயின் மேல். நாய் அதுவரை குரைக்காமல்தான் இருந்தது.

நாலே முக்காலுக்கு ஒரு பதிவு நன்றாகப் போனது. நாய் ஓய்ந்திருந்தது. வண்டி போய்விட்டது. கூடத்தில் மூன்று பேரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்க, பாட்டு கடைசி வரிக்கு வந்தது. அந்த வரியின் நடுவில், காலையிலிருந்து மின்சாரம் இல்லாத ஃபிரிட்ஜுக்குள், மேல்தட்டுப் பனிக்கட்டி முழுப்பாளமாகக் கழன்று கீழே விழுந்தது.

தொப்.

கதவு மெல்லத் திறந்தது. மகள் சத்தம் போடுவாள் என்று மாஸ்டர் எதிர்பார்த்தார். போட்டிருந்தால் தேவலை. அவள் வந்து அவர் எதிரே தரையில் உட்கார்ந்தாள். கண் ஓரம் சிவந்திருந்தது. பேசியபோது பாடுகிற அதே குரல்தான் வந்தது.

"அப்பா, நீங்க எனக்காக எதுவும் செய்ய வேணாம். எதுவுமே செய்யாம, ஒரு அரை மணி நேரம் ஒரே இடத்துல உக்காந்திருந்தீங்கன்னா போதும்."

"சரி பாப்பா."

"முடியுமாப்பா?"

காலையில் மனைவியின் குரலில் இருந்தது இதில் இல்லை. இவள் நிஜமாகவே கேட்டாள். மாஸ்டர் தன் இரண்டு கையையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தார்.

"முடியும்," என்றார் கடைசியில்.

அவள் உள்ளே போனாள். மாஸ்டர் மர நாற்காலி ஒன்றை இழுக்காமல், தூக்கி வந்து, கூடத்தின் நடுவில் வைத்து உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அக்கா சோபாவில். பிளம்பர் தன் சாமான் பையோடு தரையில்.

கிட்டார் தொடங்கியது.

ஒரு நிமிடம் போயிருக்கும். மாஸ்டரின் வலது குதிகால் தானாகத் தூக்கிக்கொண்டது. இந்த நேரத்துக்கு அவர் சாதாரணமாக அவள் அறைக்கு வெளியே உள்ள நடையில் இருப்பார். உள்ளே அவள் பாடும்போது அவருக்கு உட்கார முடிந்ததே இல்லை. இந்த வரியைச் சரியாக முடிப்பாளா, அந்த உச்சியில் குரல் பிசிறுமா, ஆறு மாசத்துக்குப் பிறகு இவள் கதி என்ன என்று மனசு அலைய, காலும் கூடவே அலையும். எட்டு அடி எடுத்து வைத்தால் சுவர். திரும்பி எட்டு அடி எடுத்து வைத்தால் சுவர். இன்று அதுவும் இல்லாமல் உடம்பெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது.

இடது குதிகாலும் தூக்கிக்கொண்டது. பிளம்பர் அதைக் கவனித்தார். குழாய்த் துண்டும் திருகுகளும் நிறைந்த தன் பையைத் தூக்கி, ஒரு குழந்தையைத் தூங்க வைக்கிற பதத்தில் மாஸ்டரின் இரண்டு பாதத்தின் மேலும் வைத்தார். பத்துக் கிலோ இருக்கும். மாஸ்டர் நன்றியோடு தலையசைத்தார்.

"சாவிய மேசைமேல வச்சேன்," என்றது கதவுக்கு அந்தப் பக்கம். பிறகு ஒன்றுமில்லை. இந்த முறை அந்த ஒன்றுமில்லாததை யாரும் உடைக்கவில்லை. அது கூடம் முழுக்கப் பரவி நின்றது. "மேசை எதுவும் கேக்கல. கதவு மட்டும் கொஞ்ச நேரம் திறந்தபடி நின்னுச்சு."

மாஸ்டர் அந்தக் கதவையே பார்த்தார். யாருடைய சாவி? எங்கே போகிறாள் இவள்? எழுந்து போய்க் கதவைத் தட்டிக் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது. காலை இழுத்துப் பார்த்தார். பை நகரவில்லை. வேறு வழியில்லாமல் கேட்டார். ஒரு பாட்டை முதலிலிருந்து கடைசிவரை, உட்கார்ந்து, அவர் கேட்டது அன்றுதான். அவள் பாட்டில் கடைசி வரிசை ஏன் கிடையாது என்பது அவருக்கு லேசாகப் புரிகிற மாதிரி இருந்தது. அந்த அளவு மெல்லச் சொல்கிற ஒன்றைக் கேட்க ஆள் தானாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறான்.

அக்கா துண்டின் நுனியால் மூடிய கண்ணையும் திறந்த கண்ணையும் துடைத்துக்கொண்டார். சோப்பா அழுகையா என்று தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. நாய் குரைக்கவில்லை. புறா வரவில்லை. ஃபிரிட்ஜில் விழுவதற்கு இனி எதுவும் இல்லை.

மகள் கதவைத் திறந்தாள். "கிடைச்சிருச்சுப்பா," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மாஸ்டருக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது, பை விடவில்லை.

"மணி என்ன ஆச்சு?" என்றாள் திடீரென்று. கடிகாரம் போர்வைக்குள் இருந்தது. அக்கா தன் ஃபோனைப் பார்த்தார். ஐந்தே கால்.

"அந்த இன்ஜினியர் வரலையே!"

பிளம்பர் எழுந்து போய் வாசற்கதவைத் திறந்தார். வெளியே கழுத்தில் ஹெட்ஃபோன் மாட்டிய ஒரு பெண், முதுகில் பையோடு, அட்டையையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"கால் மணி நேரமா நிக்கிறேங்க," என்றார். "மணி அடிக்கக் கூடாது, தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது. சரி, யாராவது வெளிய வருவாங்கன்னு பாத்தேன். இந்த மாதிரி வீடு இருந்தா எங்க வேலை எவ்வளவு சுலபமாயிடும்!"

மாஸ்டருக்கு உடம்பு ஒரு சுற்றுப் பெருத்தது. நாள் முழுக்க அவருக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

இன்ஜினியர் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து, மகள் கொடுத்த லேப்டாப்பில் தன் ஹெட்ஃபோனைச் சொருகிக் கண்ணை மூடிக்கொண்டார். மகள் சுவரோரம் நின்று நகத்தைக் கடித்தாள். அக்கா துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கையைத் தொடைக்கு அடியிலும் காலைப் பைக்கு அடியிலும் வைத்தபடி மாஸ்டர் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றரை நிமிடம் அந்த முகம் எதையும் காட்டவில்லை. நடுவில் ஒருமுறை மட்டும் புருவம் சுருங்கியது. ஹெட்ஃபோனை ஒரு கையால் காதோடு அழுத்தி, எதையோ தேடுகிறவர் போலத் தலையைச் சாய்த்தார். பாட்டு முடிந்ததும் முதலிலிருந்து இன்னொரு முறை கேட்டார்.

பிறகு கண்ணைத் திறந்தார்.

"குரல் ரொம்ப நல்லா வந்திருக்கு. சுத்தமா இருக்கு. பின்னாடி ஒரு சத்தம் கிடையாது, ஒரு தூசி கிடையாது."

மாஸ்டர் மகளைப் பார்த்துச் சிரித்தார். மகளும் சிரித்தாள், ஆனால் முழுதாக இல்லை. அவளுக்கு இன்ஜினியரின் புருவம் இன்னும் நேராகவில்லை என்பது தெரிந்திருந்தது.

"என்ன மேடம், ஏதாவது குறையா?"

இன்ஜினியர் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, கூடத்தில் இருந்த ஒவ்வொருவராகப் பார்த்தார். நுரைத் தலை அக்கா, பிளம்பர், நாற்காலியில் காலில் பையோடு மாஸ்டர். தேடியவர் அங்கே இல்லை என்பது போல மறுபடி மகளிடம் திரும்பினார்.

"இல்ல, அந்த ஆறு பாட்டுலயும் பின்னாடி ஒருத்தர் மெதுவா எட்டுத் தட்டு தட்டி, கொஞ்சம் நிறுத்தி, திரும்ப எட்டுத் தட்டு தட்டுவாரே, எங்க முதலாளி உங்களை எடுத்ததே அவருக்காகத்தான், அவரு இன்னிக்கு வரலையா?"